எட்டு டிலே லைன், நான்கு இடம்

ஒலியை ஓடும்போதே பதப்படுத்தித் தரும் ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் வயலினைச் செருகினால், பெரிய மண்டபத்தில் வாசித்தது போன்ற எதிரொலியோடு மறுபக்கம் வெளியே வரும். இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுவது சில வருடங்களாக என் மாலைநேர வேலை. விநாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது அந்தந்தக் கணத்து ஒலியைக் குறிக்கும் எண், உள்ளே வருகிறது. அவற்றை 48, 48-ஆகக் கட்டி எடுத்தால் ஒவ்வொரு கட்டுக்கும் சரியாக 1 மில்லிசெகண்ட் கிடைக்கும். அதற்குள் அடுத்த 48 சாம்பிளையும் கணக்கிட்டு முடித்து வெளியே அனுப்பத் தயாராக வைத்திருக்க வேண்டும். 999 கட்டுகளைத் தலா 0.4 மில்லிசெகண்டில் முடித்துவிட்டு, ஆயிரமாவது கட்டுக்கு மட்டும் 1.1 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால் ஸ்பீக்கரில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். ஆயிரம் கட்டு என்பது ஒரே ஒரு விநாடி. விநாடிக்கு ஒரு ‘டிக்’ போடும் பெட்டியை எந்த வித்வானும் இரண்டாவது தடவை தொட மாட்டார்.

இணையதளத்துக்கு நிரல் எழுதுபவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு ஒரு வெற்றிக் கதை. ஆயிரத்தில் 999 முறை வேகமாக முடிந்ததே, சராசரியைப் பாருங்கள், அருமை! நமக்கு அந்தச் சராசரியால் ஒரு பயனும் இல்லை. கெடுவுக்குள் முடிந்ததா, இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. இங்கேதான் கேஷ் நினைவகத்தோடு (பிராசஸருக்கும் பெரிய நினைவகத்துக்கும் நடுவில் இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) நமக்கு ஒரு விசித்திரமான உறவு வருகிறது. கேஷ் என்பதே சராசரியைக் குறைப்பதற்காகப் பிறந்த உறுப்பு. சற்றுமுன் தொட்டதை மறுபடி தொடுவாய், தொட்டதற்குப் பக்கத்தில் உள்ளதை அடுத்துத் தொடுவாய் என்று அது பந்தயம் கட்டுகிறது. பெரும்பாலும் ஜெயிக்கிறது. தோற்கும்போது என்ன ஆகும் என்பதுதான் நிகழ்நேர நிரல் எழுதுபவரின் கவலை.

கணினி அறிவியலர் மாரிஸ் வில்க்ஸ் 1965-ல் பெரிய, மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சின்னதாக, வேகமாக ஒன்றை வைக்கலாம் என்று எழுதினார். 1968-ல் ஐபிஎம் 360 வரிசையின் மாடல் 85 அதை விற்பனைக்கு வந்த கணினியில் கொண்டுவந்தது. 1995-ல் ஆய்வாளர்கள் வுல்ஃபும் மெக்கீயும் பிராசஸரின் வேகம் ஏறுகிற அளவுக்கு நினைவகத்தின் வேகம் ஏறவில்லை, ஒருநாள் இதில் போய் முட்டிக்கொள்வோம் என்று எச்சரித்தார்கள். வரலாறு இவ்வளவு போதும். இன்றைய நிலைமை: பிராசஸர் கூட்டலும் பெருக்கலும் செய்வதற்கு ஆகும் நேரத்தைவிட, கூட்ட வேண்டிய எண்ணுக்காகக் காத்திருக்கும் நேரம் பல மடங்கு.

கேஷை நன்றாகப் பயன்படுத்துவது எப்படி என்று எழுதப்பட்டவை ஏராளம். நான் சொல்ல வருவது கொஞ்சம் வேறு. நிகழ்நேர வேலையில் முதல் கேள்வி வேகமே அல்ல. இந்த வரி ஓடும்போது இந்த எண் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியுமா? தெரிந்தால், மெதுவான இடத்தில் இருந்தாலும் கணக்குப் போட்டுச் சமாளித்துவிடலாம். தெரியாவிட்டால், வேகமான இடத்தில் இருந்தாலும் நிம்மதி இல்லை.

இதைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பதற்கு எனக்குப் பிடித்த சிப் எஸ்டிஎம்32எச்750. அதன் கோர், அதாவது கணக்கிடும் பகுதி, ஆர்ம் கார்டெக்ஸ் எம்7; 480 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். டெய்ஸி சீட் என்ற ஆடியோ போர்டில் இதுதான் இருக்கிறது. கூடவே 64 மெகாபைட் எஸ்டிரேம் என்ற வெளி நினைவகம். ஓஎஸ் இல்லை, மெய்நிகர் முகவரி இல்லை, இரண்டாம் நிலை கேஷ் இல்லை. எல்லாமே கண்ணுக்குத் தெரியும். 480 மெகாஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லிசெகண்டுக்கு 4,80,000 சைக்கிள் (கோரின் கடிகாரத் துடிப்பு). ஒரு சாம்பிளுக்கு 10,000 சைக்கிள். தாராளமாகத் தெரியும், சரி. இனி நினைவகத்தைப் பாருங்கள். கோருக்கு ஒட்டினாற்போல் டிடிசிஎம் என்று 128 கிலோபைட் இருக்கிறது. அதற்குக் கேஷே தேவையில்லை. கோரின் வேகத்திலேயே பேசும், எப்போதும் ஒரே வேகம். அடுத்து 512 கிலோபைட் உள் ரேம், அது பஸ் எனும் பொதுத் தகவல் பாதை வழியாக. அதற்கும் அப்பால், சிப்புக்கு வெளியே, எஸ்டிரேம். டிடிசிஎம் தவிர்த்த இடங்களுக்கும் கோருக்கும் நடுவில் 16 கிலோபைட் டேட்டா கேஷ்.

இப்போது எதிரொலி. மன்ஃப்ரெட் ஷ்ரோடர் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது 1962-ல் கணினியில் இயல்பான எதிரொலி செய்யும் வழியை வெளியிட்டார். அதன் பேரப்பிள்ளை என்று சொல்லத்தக்க ஒரு முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது: எட்டு டிலே லைன்களை வைத்து, ஒவ்வொன்றின் வெளியீட்டையும் ஒரு மேட்ரிக்ஸ் வழியாகக் கலந்து, மறுபடி எட்டுக்கும் உள்ளே ஊட்டுவது. ஒரு டிலே லைன் என்பது ஒரு வட்ட அரே, அதாவது முடிவு வந்ததும் தொடக்கத்துக்கே திரும்பும் எண் வரிசை. எழுதும் இடம் ஒன்று முன்னால் ஓடும், படிக்கும் இடம் அதற்குப் பின்னால் நிலையான தூரத்தில் ஓடும். தூரம் லைனுக்கு லைன் வேறு, பெரும்பாலும் பகா எண்களாகத் தேர்ந்தெடுப்பார்கள், எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இருக்க.

வட்ட அரேயின் நீளத்தை இரண்டின் அடுக்காக வைப்பது எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் நல்ல பழக்கம். 4096 என்று வைத்தால் வகுத்து மீதி பார்க்க வேண்டாம். 4095-ஓடு ஒரு அண்டு (பிட் பிட்டாகச் செய்யும் AND) போட்டால் வேலை முடிந்தது. 4096 ஃப்ளோட் (தலா 4 பைட் தசம எண்) என்றால் 16,384 பைட். எட்டு லைன், மொத்தம் 128 கிலோபைட். டிடிசிஎம்மின் முழு அளவே அவ்வளவுதான், ஸ்டாக்குக்கும் (ஃபங்ஷன்களின் தற்காலிக மதிப்புகள் இருக்கும் பகுதி) மற்றவற்றுக்கும் இடம் வேண்டுமே, எனவே இவை எஸ்டிரேமுக்குப் போகின்றன. எட்டையும் ஒரே இரட்டைப் பரிமாண அரேயாக அறிவிப்பதுதான் இயல்பு. நினைவகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக, சரியாக 16,384 பைட் இடைவெளியில் உட்கார்ந்துகொள்ளும்.

கேஷ் இதை எப்படிப் பார்க்கிறது? எம்7-ன் டேட்டா கேஷ் 32 பைட் லைன்களாகப் பிரிந்திருக்கிறது (இவை கேஷ் லைன்கள், டிலே லைன்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). 16 கிலோபைட்டில் 512 லைன். அவை 128 செட்டுகளாக, செட்டுக்கு நான்கு இடம். எந்த முகவரி எந்த செட்டுக்குப் போகும் என்பதை முகவரியின் நடு பிட்டுகள் முடிவு செய்கின்றன. கோயில் வாசலில் செருப்பு வைக்கும் இடத்தில் டோக்கன் எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து எந்தத் தட்டு என்று சொல்லிவிட்டால் எப்படி இருக்கும்? மற்ற தட்டுகள் காலியாகவே கிடந்தாலும், உங்கள் எண்ணுக்குரிய தட்டில் நான்கு ஜோடி ஏற்கெனவே இருந்தால், ஒன்றை எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் உங்களுடையதை வைப்பார்கள். இந்தக் கேஷில் 4096 பைட்டுக்கு ஒருமுறை செட் எண் திரும்ப வரும். 16,384 என்பது 4096-ன் நான்கு மடங்கு. ஆக, எட்டு லைனிலும் எழுதும் இடம் எப்போதும் ஒரே செட்டில் விழுகிறது. எட்டுப் பேர், நான்கு இடம்.

ஒவ்வொரு சாம்பிளுக்கும் எட்டு லைனிலும் எழுதும் லூப்பை ஓடவிடுங்கள். முதல் நான்கு உள்ளே வரும், அடுத்த நான்கு வந்து அவற்றைத் துரத்தும், அடுத்த சாம்பிளுக்கு முதல் நான்கு மறுபடி வந்து இவற்றைத் துரத்தும். ஒரு கேஷ் லைனில் எட்டு ஃப்ளோட் இருக்கிறது. ஒருமுறை கொண்டுவந்தால் எட்டு சாம்பிளுக்கு உதவ வேண்டியது, ஒரு சாம்பிளோடே வெளியேறிவிடலாம். 48 சாம்பிள் கொண்ட கட்டுக்கு எட்டு லைனிலும் சேர்த்து 48 தடவை கொண்டுவந்தால் போதும் என்ற இடத்தில் 384 தடவை வரை நடக்கலாம்.

ஒருமுறை கொண்டுவர என்ன செலவு? 100 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 32 பிட் எஸ்டிரேம் என்று வைத்துக்கொள்வோம். 32 பைட்டுக்கு எட்டு துடிப்பு, அதற்கு முன் வரிசையை மூடி, புதிய வரிசையைத் திறந்து, முதல் சொல் வரும்வரை இன்னும் ஏழெட்டு துடிப்பு. 150 நானோசெகண்ட். கோரின் கணக்கில் எழுபது சைக்கிளுக்கு மேல். வெளியேறும் கேஷ் லைனில் எழுதியிருக்கிறோம் அல்லவா, அதைத் திருப்பி எஸ்டிரேமில் வைக்க ஏறக்குறைய அதே செலவு. சாம்பிளுக்கு எட்டு முறை என்றால் ஆயிரத்துச் சொச்சம் சைக்கிள். ஒரு கூட்டல்கூடச் செய்யாமல், கையில் இருந்த 10,000-ல் பத்தில் ஒரு பங்கு போயே போச்சு. கோரில் உள்ள எழுதும் பஃபர்கள் இதில் கொஞ்சத்தை மறைக்கும். பஸ் அடைபட்டுக் கிடப்பதை அவற்றாலும் மறைக்க முடியாது. அதே பஸ்ஸில்தான் திரைக்கும் எஸ்டி கார்டுக்கும் போகவேண்டியவையும் நிற்கின்றன.

இது நிரலின் நேரத்தை அளக்கும் எந்த ப்ரொஃபைலரிலும் ‘இங்கே கோளாறு’ என்று வராது. கணக்கு சரி, ஒலி சரி, கேட்க இனிமை. இன்னொரு எஃபெக்டைச் சேர்க்கும்போதுதான் கெடு தவறும், பழி புதிய எஃபெக்டின் மேல் விழும். சம்பந்தமே இல்லாத ஒரு அரேயை நடுவில் அறிவித்ததும் நிரல் வேகமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். நடந்திருக்கும்.

சரிசெய்ய இரண்டு வழி. முதலாவது, ஒவ்வொரு லைனுக்குப் பின்னாலும் 512 பைட் வெறுமனே விடுவது. பயன்படுத்தும் நீளம் 4096 ஃப்ளோட்டாகவே இருக்கும், அண்டு போடும் வசதி போகாது, ஆனால் இடைவெளி 16,896 ஆகிவிடும். எட்டு லைனின் எழுதும் இடங்களும் 0, 512, 1024 என்று 3584 வரை, 4096 பைட் வட்டத்தில் சம இடைவெளியில் பரவிவிடுகின்றன. நான்கு கிலோபைட்டை வீணாக்கி ஒரு நோயைக் குணப்படுத்தியாயிற்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. படிக்கும் இடங்கள் எட்டும் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் தன் எழுதும் இடத்திலிருந்து நிலையான தூரத்தில் இருக்கிறது. எழுதும் இடம் நகர்ந்தால் அதுவும் அதே அளவு நகரும். வட்டத்தின் முடிவில் சுற்றி வரும்போதுகூட, 16,384 என்பது 4096-ன் முழு மடங்கு என்பதால், கேஷின் பார்வையில் தாவலே இல்லை. ஆக எட்டு எழுதும் இடம், எட்டுப் படிக்கும் இடம், மொத்தம் பதினாறு புள்ளிகள் ஒரு வட்டத்தில், ஒன்றுக்கொன்று தூரம் மாறாமல், சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பெட்டியை எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் அந்த அமைப்பு மாறாது. ஒரே செட்டில் நான்குக்கு மேல் விழுமா என்பதைக் காகிதத்திலேயே, நிரலை ஓட்டாமலேயே, பார்த்துவிடலாம். டிலே நீளங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் ஒரு நிபந்தனையாக வைத்துக்கொள்ளலாம். தெரிந்துகொள்வது என்று நான் சொல்வது இதைத்தான். சோதித்துப் பார்த்தேன், பிரச்சினை வரவில்லை என்பது வேறு. பிரச்சினை வர வழியே இல்லை என்பது வேறு.

இரண்டாவது வழி லூப்பைத் திருப்பிப் போடுவது. ஆகக் குறைந்த டிலே 48 சாம்பிளுக்கு அதிகம் என்றால், இந்தக் கட்டுக்குப் படிக்க வேண்டியது எதுவும் இந்தக் கட்டில் எழுதப்படப்போவதில்லை. எனவே முதல் லைனிலிருந்து 48 சாம்பிளையும் ஒரே மூச்சில் படித்து டிடிசிஎம்மில் வையுங்கள். அப்புறம் இரண்டாவது லைன். எட்டும் முடிந்ததும் டிடிசிஎம்மிலேயே மேட்ரிக்ஸ் கலவை. அதற்கான தற்காலிக இடம் 8 பெருக்கல் 48 பெருக்கல் 4, வெறும் 1536 பைட். பிறகு ஒவ்வொரு லைனுக்கும் 48 சாம்பிளை ஒரே மூச்சில் எழுதுங்கள். இப்போது கேஷில் யாரும் யாரோடும் மோதுவதில்லை. ஒரு லைனோடு வேலை முடிந்த பிறகே அடுத்தது வருகிறது. எதிரொலிக்கு உயிர் கொடுக்கப் படிக்கும் இடத்தை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கும் வகை ரிவெர்ப்புகளில் புள்ளிகளின் தூரம் மாறும், காகிதக் கணக்கு செல்லாது. அங்கே இந்த இரண்டாவது வழிதான் கைகொடுக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொன்னால் நான் எப்போதும் இதையே எடுப்பேன்.

ஒரு முக்கியமான இடைச்செருகல். எஸ்டிரேம் இந்த சிப்பில் உட்கார்ந்திருக்கும் முகவரியை எம்7 இயல்பாக ‘டிவைஸ்’ என்று எடுத்துக்கொள்ளும், அதாவது கேஷே செய்யாது. எம்பியு என்ற நினைவகப் பாதுகாப்பு அலகில் இது சாதாரண நினைவகம், கேஷ் செய்யலாம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். போர்டோடு வரும் லைப்ரரி பெரும்பாலும் இதைச் செய்து வைத்திருக்கும். சொந்தமாக போர்டு வரைபவர்கள் முதல் நாளே பார்க்க வேண்டிய இடம் இது.

கோரின் உதவி இல்லாமல் எண்களை நகர்த்தும் டிஎம்ஏ பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஒலி உள்ளே வருவதும் வெளியே போவதும் டிஎம்ஏ வழியாக. அது கேஷைத் தொடாமல் நேராக ரேமில் எழுதுகிறது. கோர் படிக்கப் போனால் கேஷில் பழைய எண்கள் கிடக்கும். முந்தைய மில்லிசெகண்டின் ஒலி மறுபடி கேட்கும், அல்லது உருமாறிக் கேட்கும். படிக்கும் முன் அந்தப் பகுதியின் கேஷ் லைன்களைச் செல்லாததாக்கச் சொல்லி ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதை அழைத்தால் சரியாகிவிடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அதில் ஒரு கண்ணி. செல்லாததாக்குவது 32 பைட் லைன் கணக்கில்தான் நடக்கும். உங்கள் பஃபர் 32-ன் மடங்கில் தொடங்காவிட்டால், அதன் முதல் லைனைப் பக்கத்து வேரியபிள் ஒன்றும் பகிர்ந்துகொள்கிறது. கோர் சற்றுமுன் அதில் புதிய மதிப்பை எழுதியிருந்து, அது இன்னும் ரேமுக்குப் போகாமல் கேஷிலேயே இருந்தால், அந்த மதிப்பும் சேர்ந்து செத்துப்போகும். எப்போதாவது ஒருமுறை, காரணமே இல்லாமல், வால்யூம் பழைய இடத்துக்குத் தாவுவது போன்ற கோளாறுகளின் பிறப்பிடம் இதுதான். பஃபரை 32-ல் சீரமைத்து, நீளத்தையும் 32-ன் மடங்காக வையுங்கள். ஸ்டீரியோ 48 சாம்பிள், தலா 4 பைட் என்றால் 384 பைட், சரியாகப் பன்னிரண்டு லைன். நீளம் தானாகவே பொருந்துகிறது. அதைவிட எளிய வழி, டிஎம்ஏ பஃபர்களை மட்டும் கேஷ் செய்யாத பகுதி என்று எம்பியுவில் ஒதுக்கிவிடுவது. 384 பைட்டைக் கேஷ் இல்லாமல் படிப்பதால் குடி முழுகிவிடாது. டிடிசிஎம்மில் வைத்துவிடலாமே என்று தோன்றும். இந்த சிப்பில் சாதாரண டிஎம்ஏ இரண்டுக்கும் டிடிசிஎம் எட்டாது. எம்டிஎம்ஏ என்ற தனி டிஎம்ஏவுக்கு மட்டும்தான் வழி உண்டு.

டிடிசிஎம்மில் வைக்க வேண்டியது ஸ்டாக், ஃபில்டர்கள், ஒவ்வொரு கட்டிலும் தவறாமல் தொடுகிற எல்லாமும். சாதாரண பைகுவாட் ஃபில்டருக்கு ஐந்து கெழுக்கள், இரண்டு நிலைகள், ஆக ஏழு ஃப்ளோட், 28 பைட். ஒரு கேஷ் லைனுக்குள் அடங்கிவிடும் அழகான அளவு. அதே ஸ்ட்ரக்டில் (மதிப்புகளின் தொகுப்பில்) ஃபில்டரின் பெயர், திரையில் காட்டும் எல்லைகள், கடைசியாக யார் திருப்பினார்கள் என்பதையெல்லாம் சேர்த்து வைப்பவர்கள் ஒவ்வொரு மில்லிசெகண்டும் அந்தச் சுமையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அடிக்கடி தொடுவது ஒரு பக்கம், எப்போதாவது தொடுவது இன்னொரு பக்கம். நிரல் ஓடும்போதே நினைவகம் கேட்டு வாங்கும் மாலாக் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆடியோ ஓடத் தொடங்கியபின் மாலாக் கிடையாது, அவ்வளவுதான். எவ்வளவு நேரம் எடுக்கும் என்றும் தெரியாது, எங்கே இடம் கொடுக்கும் என்றும் தெரியாது.

அளப்பது எப்படி? எம்7-ல் சைக்கிள் எண்ணும் ரெஜிஸ்டர் ஒன்று இருக்கிறது. கட்டு தொடங்கும்போது படி, முடியும்போது படி, வித்தியாசத்தை எடு. சராசரியைச் சேமிக்காதீர்கள், இதுவரை கண்டதில் ஆக அதிகம் எது என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியமானது, எந்த நிலையில் அளக்கிறோம் என்பது. மேசையில் ஆடியோ ஃபங்ஷனை மட்டும் லூப்பில் போட்டு அளந்தால் கேஷ் சூடாகவே இருக்கும், எண்கள் பிரமாதமாக வரும். உண்மையில் ஒரு கட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் திரை வரையும் நிரல் ஓடுகிறது, யாரோ குமிழைத் திருப்புகிறார், எஸ்டி கார்டிலிருந்து எதையோ படிக்கிறார்கள். கட்டு தொடங்கும்போது கேஷில் நம்முடையது எதுவுமே மிஞ்சாமல் இருக்கலாம். ஆகவே நான் அளக்கும்போது ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால் வேண்டுமென்றே கேஷ் முழுவதையும் காலி செய்கிறேன். டேட்டா கேஷ், இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷ் இரண்டையும். அந்த நிலையில் கெடு தாங்கினால் மட்டும்தான் வெளியே கொடுப்பேன். அந்தச் சூடான கேஷ் எண்களை ஆவணத்தில் போட்டுப் பெருமைப்படுவதை எல்லோரும் நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காலி கேஷ்தான் எப்போதும் ஆக மோசமான நிலையா என்றால், எளிய கோர்களில் அநேகமாக ஆம் என்று எடுத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். சிக்கலான கோர்களில் அப்படிச் சொல்ல முடியாது. ஸ்வீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தின் லுண்ட்குவிஸ்ட், ஸ்டென்ஸ்ட்ரோம் இருவரும் 1999-ல் ஒரு வியப்பான விஷயத்தைக் காட்டினார்கள். கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டும் பிராசஸரில், ஒரு இடத்தில் எண் கேஷில் கிடைத்துவிட்டால் மொத்த நேரம் கூடலாம், கிடைக்காமல் போனால் மொத்த நேரம் குறையலாம். முன்னதாகக் கிடைத்துவிட்ட எண் இன்னொரு கட்டளையை முந்தி ஓடவைத்து, அது முக்கியமான ஒன்றின் வழியை மறித்துக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் மோசமானதை எடுத்துக் கூட்டினால் மொத்தத்தின் மோசம் கிடைக்கும் என்ற எளிய கணக்கும் அங்கே செல்லாது. ஜெர்மனியில் ஸார்லாந்து பல்கலைக்கழகத்தில் ரைன்ஹார்ட் வில்ஹெல்மும் அவர் குழுவினரும், நிரலை ஓட்டாமலேயே அதன் ஆக மோசமான நேரத்துக்கு எல்லை கட்டும் முறைகளைப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கினார்கள். இந்த இடத்தில் இந்த எண் கட்டாயம் கேஷில் இருக்கும், இருந்தாலும் இருக்கலாம், நிச்சயம் இருக்காது என்று ஒவ்வொரு படியிலும் நிரூபித்துக்கொண்டே போவது அதன் சாரம். விமானம் போன்ற, உயிர் சம்பந்தப்பட்ட இடங்களுக்கான வேலை அது. நம் எதிரொலிப் பெட்டிக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் அவர்கள் கேட்கிற கேள்வி நம்முடையதேதான்.

ராஸ்ப்பெரி பை 4 என்ற சின்னக் கணினி, லினக்ஸ் என்று மேலே ஏறினால் தெரிந்துகொள்வது கடினமாகிறது. மாலாக் தரும் முகவரிக்குப் பின்னால் உண்மையில் ரேம் இருக்காது; முதன்முதலில் தொடும்போதுதான் பேஜ் ஃபால்ட் என்ற இடையூறு வந்து, இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒரு பக்கத்தை (நினைவகத் துண்டை) ஒதுக்கும். எதிரொலியின் வால் பகுதியை முதல் முறை எழுதும் கட்டில் இது நடந்தால் ‘டிக்’. எம்லாக்ஆல் அழைத்து எல்லாப் பக்கங்களையும் ரேமிலேயே பிடித்து வைத்து, ஸ்டாக்கையும் ஒருமுறை முழுதாகத் தொட்டுவிட்டு, அதன் பிறகு ஆடியோவைத் தொடங்க வேண்டும். நிகழ்நேரத்துக்கான ப்ரீஎம்ப்ட்-ஆர்டி வேலைகள் பல வருடம் தனி பேட்சாகவே இருந்து, 2024-ல் வந்த 6.12 கெர்னலில்தான் முழுமையாக உள்ளே சேர்ந்தன. அது கெர்னலின் தாமதத்தைக் கட்டுப்படுத்தும். கேஷைக் கட்டுப்படுத்தாது.

பை 4-ல் நான்கு கோருக்கும் சேர்த்து ஒரே 1 மெகாபைட் இரண்டாம் நிலை கேஷ். ஆடியோவுக்கென்று ஒரு கோரை ஒதுக்கிவிட்டேன், இனி யாரும் தொட முடியாது என்று நினைப்போம். பக்கத்துக் கோரில் ஓடும் பிரவுசர் நம் எண்களைப் பொதுக் கேஷிலிருந்து வெளியேற்றிக்கொண்டிருக்கும். பல கோர் சிப்புகளை விமானத்தில் வைப்பது பற்றிச் சான்றளிக்கும் அதிகாரிகள் 2016-ல் வெளியிட்ட காஸ்ட்-32ஏ ஆவணமும் பெரிதாகக் கவலைப்பட்டது கோர்களுக்கு இடையிலான இந்தக் குறுக்கீட்டைப் பற்றித்தான்.

உண்மையான மண்டபத்தின் ஒலிப்பதிவை வைத்துச் செய்யும் கன்வல்யூஷன் ரிவெர்ப்பில் இது எண்ணாகவே தெரியும். மண்டபத்தின் பதிவு 2 விநாடி, 96,000 சாம்பிள். 64 சாம்பிள் கட்டுகளாக வெட்டினால் 1500 துண்டு. ஒவ்வொரு துண்டின் அலைவரிசை வடிவம் 512 பைட். மண்டபத்தின் 1500 துண்டு, உள்ளே வந்த ஒலியின் 1500 துண்டு, இரண்டையும் ஒவ்வொரு கட்டிலும் பெருக்க வேண்டும்: 15,36,000 பைட். இது 1.33 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. கேஷோ 1 மெகாபைட். முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்துக்கொண்டு போகும்போது கடைசிப் பகுதி முதல் பகுதியைத் துரத்திவிடும்; அடுத்த கட்டில் முதலிலிருந்து தொடங்கினால் அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கேஷ் இருந்தும் இல்லாத மாதிரி. வில்லியம் கார்ட்னர் 1995-ல் எழுதிய முறையில் எதிரொலியின் தொடக்கத்தைச் சின்னத் துண்டுகளாகவும், போகப்போகப் பெரிய துண்டுகளாகவும் வெட்டுவார்கள். கணக்கீடு குறைகிறது என்றுதான் பொதுவாக இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பெரிய துண்டுகளை எப்போதாவதுதான் தொடுகிறோம் என்பதால் ஒவ்வொரு கட்டிலும் ரேமிலிருந்து இழுக்க வேண்டியதும் சேர்ந்து குறைகிறது என்பது. சின்னத் துண்டுகள் மட்டும் கேஷிலேயே தங்கிவிடும் அளவுக்கு வெட்டலாம். பெரிய துண்டுகளுக்கான வேலையை முழுவதுமாக ஒரே கட்டில் செய்தால் அந்தக் கட்டு கெடுவைத் தாண்டிவிடும், எனவே அதை இன்னொரு த்ரெட்டுக்கு (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைக்கு) கொடுத்து, அதற்கென்று தளர்வான ஒரு கெடு வைக்க வேண்டும். அந்த த்ரெட்டும் ஆடியோ த்ரெட்டும் பேசிக்கொள்ளும் எண்ணிகளை ஒரே 64 பைட் லைனில் வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை எழுதும்போதும் அந்த லைன் கோருக்குக் கோர் பறந்துகொண்டிருக்கும். தலா ஒரு லைன் கொடுத்துவிடுங்கள்.

பை-யில் அளக்கும்போது, மற்ற மூன்று கோர்களிலும் பல மெகாபைட் அரேக்களை இங்கிருந்து அங்கே நகலெடுக்கும் லூப்பை ஓடவிட்டு, நான்காவதில் ஆடியோவை ஓட்டி, ஆக அதிக நேரத்தைப் பார்க்கிறேன். இரவு முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிடுவது வழக்கம். 64 சாம்பிள் கட்டு தாங்கவில்லை என்றால் 128-க்குப் போகிறேன், 2.67 மில்லிசெகண்ட். 128-க்குப் போவதற்கு முன் ஒருமுறை லிங்கர் தரும் மேப் ஃபைலைத் திறந்து, நிலையாக அறிவித்த பெரிய அரேக்கள் எந்தெந்த முகவரியில் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றுக்கொன்று இடைவெளி இரண்டின் அடுக்கா என்று பார்த்துவிடுவேன்.